அடுப்பை மூட்டினது நீங்கள்தானே

நான் செய்தது பிழை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு கடைசிவரை இழுத்தடித்தேன் என்று யாரும் சொல்லக்கூடாது. இறைச்சிச் சட்டியில் பால் காய்ச்சினேன்.

வாசிக்கிறவர்களுக்கு இது ஒரு குற்றமாகவே தெரியாது. எங்கள் வீட்டில் நேற்று மீன் குழம்பு வைத்த சட்டியில் இன்று பாயசம் வைத்தாலும் என் மனுசன் ஒருமுறை மூக்கைச் சுளித்துவிட்டு இரண்டு கோப்பை குடிப்பார். ஆனால் நான் வேலை செய்யும் குசினியில் இது கொலைக்கு அடுத்தபடி.

நாங்கள் இருப்பது ஜேர்மனியில் ரூர் பக்கம் ஒரு நகரத்தில். அங்கே யூத முதியவர்களுக்கான இல்லம் ஒன்று இருக்கிறது. அதன் குசினியில் பதினொரு வருடமாக நான் உதவிச் சமையல்காரி. பெர்லின் ஷோனெஃபெல்டில் விமானத்தால் வந்து இறங்கிய நாளிலிருந்து இந்த நாட்டின் பாத்திரங்களைத்தான் கழுவுகிறேன், ஆனால் இப்படி ஒரு குசினியை எங்கும் கண்டதில்லை. யூதர்கள் இறைச்சியையும் பாலையும் சேர்த்துச் சாப்பிட மாட்டார்கள். சேர்த்துச் சமைக்க மாட்டார்கள். இரண்டின் பாத்திரங்களையும் ஒரே தொட்டியில் கழுவவும் மாட்டார்கள். அதனால் எங்களிடம் எல்லாம் இரண்டிரண்டு. இறைச்சிப் பக்கத்துச் சட்டி, கரண்டி, கத்தி எல்லாவற்றிலும் சிவப்பு அடையாளம். பால் பக்கத்தில் நீலம். பால் பக்கம் தனி அறை. காலைச் சாப்பாடு முடிந்ததும் அதைப் பூட்டிவிடுவார்கள். திறப்பு ஒருவரிடம்தான் இருக்கும்.

அந்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாப்பாடு அவர்களுடைய சட்டப்படி நடக்கிறதா என்று பார்ப்பதுதான் அவருடைய வேலை. மஷ்கியாக் என்று அதற்குப் பெயர். நான் தாடிக்காரர் என்றுதான் சொல்வேன், அவர் முன்னாலும் அப்படித்தான். ஒடெசாவில் லிஃப்ட் திருத்திக்கொண்டிருந்தவர். என்னைவிடப் பத்து வயது குறைவு. முட்டையை ஒவ்வொன்றாகக் கண்ணாடிக் கோப்பையில் உடைத்து, இரத்தப் பொட்டு இருக்கிறதா என்று பார்ப்பார். கீரையை விளக்கு வைத்த மேசையில் விரித்துப் பூச்சி தேடுவார். இதற்குச் சம்பளமும் வாங்குவார். எங்கள் இருவரின் ஜேர்மனையும் ஒன்றாகச் சேர்த்தால்கூட ஒரு முழு ஜேர்மன் வராது, ஆனாலும் பதினொரு வருடமாக ஒரு நாள் தவறாமல் சண்டை பிடித்திருக்கிறோம். அவர் பேசியதை நான் இங்கே எங்கள் ஊர்த் தமிழில் எழுதுகிறேன். அந்த ஜேர்மனைவிட அவருக்கு இது மரியாதை.

எங்கள் முதல் சண்டை அடுப்பைப் பற்றியது. யூதர்களுக்கான சாப்பாட்டை வேறு ஆள் சமைக்கலாம், ஆனால் சமையலில் ஒரு யூதரின் கை பட்டிருக்க வேண்டும். அதற்கு அவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அடுப்பை அவர் மூட்டினால் போதும். மிச்சம் முழுவதையும் நான் செய்யலாம். காலை ஆறரைக்குத் தாடிக்காரர் வந்து நீட்டு லைட்டரால் டிக் டிக் என்று அடுப்புகளை மூட்டுவார். அது மூன்று விநாடி வேலை. பிறகு நான் எட்டு மணி நேரம் நின்று சமைப்பேன். நெருப்பு அணைந்தால் நான் மூட்டக்கூடாது. முதல் மாதத்தில் ஒருநாள் நெருப்பு அணைந்துவிட்டது, அவரோ ட்ராமில் மாட்டிக்கொண்டார். நான் லைட்டரைக் கையில் வைத்துக்கொண்டு இருபது நிமிடம் அடுப்பைப் பார்த்தபடி நின்றேன். அவர் வந்ததும் என் கைக்கு என்ன குஷ்டமா என்று கேட்டேன். கையில் ஒரு குறையும் இல்லை, கை யாருடையது என்பதுதான் விஷயம் என்றார். அன்று முழுக்க நான் அவரோடு கதைக்கவில்லை.

இரண்டாவது சண்டை விளக்கைப் பற்றியது. வெள்ளிக்கிழமை பொழுதுபட்டதிலிருந்து சனிக்கிழமை இருட்டும்வரை அவர்களுக்கு ஓய்வு நாள். நெருப்பு மூட்ட மாட்டார்கள். மின்விளக்கைப் போடவும் மாட்டார்கள், அணைக்கவும் மாட்டார்கள். லிஃப்ட்கூட அன்றைக்கு ஒவ்வொரு மாடியிலும் தானாக நின்று தானாகப் போகும், யாரும் பொத்தானை அமத்தத் தேவையில்லை. தாடிக்காரர் அதைத் தானே சரிசெய்து வைத்ததில் அவருக்குப் பெரிய பெருமை.

சனிக்கிழமைகளில் நான் மத்தியானச் சாப்பாட்டுத் தட்டுகளை எடுக்க மாடிகளுக்குப் போவேன். மூன்றாம் மாடியில் தொண்ணூறு கடந்த ஓர் அம்மா இருக்கிறார். உக்ரைனிலிருந்து வந்தவர். கூர்மையான மூக்கு, அதைவிடக் கூர்மையான வாய். ஒருநாள் அவருடைய தலைமாட்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்து, இன்றைக்கு அறை நல்ல வெளிச்சம் என்றார். ஓம் என்றேன். நித்திரை கொள்ள நினைக்கிற ஒருவருக்கு இந்த வெளிச்சம் இடைஞ்சலாக இருக்கும் என்றார். ஓம், இடைஞ்சல்தான் என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எனக்குச் சாடை பேசுகிறவர்களைப் பிடிக்காது. தேவையானதை வாயால் கேட்டால் செய்வேன். என் மனுசனும் முப்பத்தைந்து வருடமாக, தேத்தண்ணீர் வேண்டுமென்றால் வெளியில் குளிராக இருக்கிறது என்றுதான் சொல்கிறார். ஓம், குளிர்தான் என்று சொல்லிவிட்டு நான் என் வேலையைப் பார்ப்பேன்.

தாடிக்காரர் என்னைத் தேடி வந்து விளக்கினார். அந்த அம்மா விளக்கை அணை என்று என்னிடம் சொல்லக்கூடாதாம். சொன்னால் அவரே செய்த மாதிரியாம். நானாக விரும்பி அணைத்தால் பரவாயில்லையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் விருப்பத்தைக் கேட்கவும் மாட்டார்கள், ஆனால் நான் சரியாக அதையே விரும்பவும் வேண்டும். இது என்ன விருப்பம் என்று கேட்டேன். அவர் தாடியைச் சொறிந்தபடி, நல்ல கேள்வி என்றார். அவருக்குப் பதில் தெரியாதபோதெல்லாம் கேள்வி நல்ல கேள்வியாகிவிடும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனியும் நான் அந்த அறைக்குள் போய், சத்தமாக, எனக்கு வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது, என்னுடைய சொந்த விருப்பத்தில் இதை அணைக்கிறேன் என்று சொல்லிவிட்டு அணைப்பேன். அந்த அம்மா சுவரைப் பார்த்துச் சிரிப்பார். நன்றி சொல்ல மாட்டார். சொன்னால் கேட்டதாகிவிடுமோ என்னவோ.

இனி அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

மழை. தலையிடி. பெரிய சமையல்காரர் கிரேக்கத்தில் விடுமுறையில் இருந்தார், அதனால் குசினியில் நான் தனி. வெள்ளி இரவுச் சாப்பாட்டுக்கான கோழிச் சூப் நாற்பது லீட்டர்ப் பானையில் மெல்லக் கொதித்துக்கொண்டிருந்தது. தாடிக்காரர் ஏதோ பற்றுச்சீட்டு எடுக்க வெளியே போயிருந்தார், பால் அறையின் திறப்பும் அவரோடு போய்விட்டது. எனக்குத் தேத்தண்ணீர் வேண்டும். தேத்தண்ணீர் என்றால், காய்ச்சின பால் ஊற்றி, இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணீர். ஜேர்மன்காரர் சுடுதண்ணீரில் ஒரு பையைத் தோய்த்துக் குளிர்ப்பால் விடுகிறார்களே, அது பாத்திரம் கழுவின தண்ணீர்.

என் கைப்பையில் ஒரு சின்னப் பால் பெட்டி இருந்தது. வெளியிலிருந்து சாப்பாட்டுச் சாமான் குசினிக்குள் கொண்டுவரக்கூடாது. அது எனக்குத் தெரியும். சிவப்பு அடையாளம் போட்ட சட்டியில் பாலின் வாசம்கூடப் படக்கூடாது. அதுவும் தெரியும். எல்லாம் தெரிந்துகொண்டுதான் சிவப்புச் சட்டி ஒன்றை எடுத்து, பாலை ஊற்றி, சூப் பானைக்குப் பக்கத்தில் எரிந்துகொண்டிருந்த அடுப்பில் வைத்தேன். இரண்டு நிமிடம், கழுவினால் யாருக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

பால் பொங்கியது.

பால் பொங்கும்போது நான் அடுப்பை அணைத்திருக்க வேண்டும். அணைத்தால் திரும்ப மூட்டத் தாடிக்காரர் வர வேண்டும், வந்தால் ஏன் அணைந்தது என்று கேட்பார். அதனால் யோசித்தேன். யோசித்த அந்த நேரத்தில் இன்னொரு முட்டாள்தனமும் நடந்தது. எனக்குச் சந்தோஷம் வந்தது. பால் பொங்கினால் நல்லது என்று பிறந்ததிலிருந்து பழகிய உடம்பு. புது வீட்டுக்கும் தைப்பொங்கலுக்கும் பானையைச் சுற்றி நின்று, எந்தப் பக்கம் பொங்குகிறது என்று பார்த்த கண். அந்தக் கண் தன் வேலையைச் செய்தது. எந்தப் பக்கம் என்று பார்த்தேன். கிழக்குப் பக்கம். அதைவிட நல்ல சகுனம் இல்லை. கிழக்குப் பக்கத்தில் சூப் பானை இருந்தது.

ஒரு கரண்டிப் பால் இருக்கும். சூப் பானையின் பக்கவாட்டில் சீறிக்கொண்டு வழிந்து பழுப்பாகக் காய்ந்தது. நான் துணியால் துடைத்தேன். ஒரு கோடு மட்டும் போகவில்லை. பால் சட்டியைக் கழுவி மா மூட்டைக்குப் பின்னால் வைத்தேன். தேத்தண்ணீரையும் குடித்தேன், ஏன் மறைக்க வேண்டும். நன்றாகத்தான் இருந்தது. தாடிக்காரர் வந்தபோது, ஏதோ கருகின மணம் வருகிறதே என்றார். மழைக்கு அப்படித்தான் மணக்கும் என்றேன். சூப் ஆறியது, குளிர் அறைக்குள் போனது, நான் வீட்டுக்குப் போனேன்.

பின்னேரம் என் மனுசனிடம் சொன்னேன். அவர் சோபாவில் இருந்து கைபேசியில் வவுனியாச் சாத்திரியார் அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் நடப்பது எல்லாவற்றுக்கும் காரணம் அந்தச் சாத்திரியாருக்குத் தெரியும். கார்க் கண்ணாடி உடைந்தால் ராகு. மகள் பரீட்சையில் கோட்டை விட்டால் கேது. எனக்கு ஏழரைச் சனி நடக்கிறதாம், சனிக்கு எள்ளெண்ணெய் எரிக்க வேண்டுமாம்.

"நான் சொன்னனான்தானே, ஏழரையில வேலை இடத்தில கண்டம் எண்டு. நீர் ஒண்டும் செய்யேல்லை. சனி செய்விச்சது. பேசாமல் இரும்."

"சனியே பாலை ஊத்தினது?"

"அப்படித்தான். ஆரும் கண்டதே? இல்லை. அவை அந்தச் சூப்பைக் குடிக்கோணும் எண்டு அவையின்ர தலையில எழுதியிருந்தால் குடிப்பினம். உமக்குப் பென்சனுக்கு நாலு வருசம் கிடக்கு. வாயைத் திறந்து வேலையைத் துலைச்சுப் போட்டு வராதையும்."

பென்சன் விஷயத்தில் அவர் சொன்னது சரி. இந்த வயதில் என்னை யார் எடுப்பார்கள்? முழங்கால் போய்விட்டது, கோபம் மட்டும்தான் போகவில்லை. பேசாமல் இருந்தால் ஒன்றும் நடக்காது. நாற்பது கிழவர்கள் சூப்பைக் குடிப்பார்கள், ஒருவருக்கும் வயிறு வலிக்காது, ஒரு கரண்டிப் பாலை நாக்கு கண்டுபிடிக்காது.

ஆனால் அந்த மூன்றாம் மாடி அம்மா என் தலைக்குள் வந்து குந்திக்கொண்டார். முன்பொருநாள் தட்டு எடுக்கப் போனபோது சொல்லியிருக்கிறார். சின்னப் பிள்ளையாக இருந்தபோது யுத்தம். கிடைத்ததைத் தின்றாராம், என்ன இறைச்சி என்று கேட்காமல் தின்றாராம். பிறகு அந்த நாட்டில் இதையெல்லாம் கடைப்பிடிக்கவே விடமாட்டார்களாம். எங்கே படிக்கலாம், எங்கே வேலை செய்யலாம் என்பதையெல்லாம் வேறு யாரோதான் தீர்மானித்தார்களாம். அறுபது வயதில் ஜேர்மனிக்கு வந்த பிறகு, இனி இது சாப்பிடுவேன், இது சாப்பிட மாட்டேன் என்று தானே முடிவு செய்தாராம். அவராகச் செய்த முடிவு அது ஒன்றுதானாம். அதைச் சொல்லும்போது பதக்கம் வாங்கின மாதிரி நிமிர்ந்து இருந்தார்.

அந்த முடிவைத்தான் நான் ஒரு கோப்பைத் தேத்தண்ணீருக்காக அவருக்குத் தெரியாமல் மாற்றப் போகிறேன். அவருக்குத் தெரியாமல் என்பதுதான் எரிச்சல். அவர் முகத்துக்கு நேரே சொல்லிச் சண்டை பிடித்தால் அது வேறு. எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் யாராவது ஒருவரைத் திட்ட வேண்டும். மனுசனைத் திட்டினேன். அவர் சாத்திரியாரின் செய்தியைத் திரும்பவும் முதலிலிருந்து போட்டார்.

வெள்ளி காலை ஆறரைக்குத் தாடிக்காரர் லைட்டரோடு வந்தார். நான் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டேன்.

"மூட்டாதேங்கோ. முதல் ஒண்டு கேளுங்கோ."

எல்லாவற்றையும் சொன்னேன். மா மூட்டைக்குப் பின்னாலிருந்து சட்டியை எடுத்துக் காட்டினேன். குளிர் அறைக்குக் கூட்டிக்கொண்டுபோய்ப் பானையில் இருந்த கோட்டைக் காட்டினேன். அவருடைய முகம் பீட்ரூட் நிறத்துக்கு வந்தது. கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. பதினொரு வருடம், பதினொரு வருடம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். எப்படி உங்களால் முடிந்தது என்று கேட்டார்.

மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன். ஆனால் ஒருவர் என்னை அப்படிக் கேட்டால் என் வாய் என் சொல் கேட்காது.

"எப்படி முடிஞ்சதோ? அடுப்பை மூட்டினது நீங்கள்தானே? நீங்கள் மூட்டினால்தான் அது உங்கட சமையல் எண்டு பதினொரு வருசமாச் சொல்லுறியள். அப்ப அந்தப் பாலும் உங்கட சமையல்தான். நான் மேல வைச்சது மட்டும்தான்."

அவர் உருளைக்கிழங்குப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். நான் அவரை நன்றாக அடித்துப் போட்டேன் என்று நினைத்தேன். இல்லை. அந்த மனிதருக்குச் சந்தோஷம். யாராவது கேள்வி கேட்டால் அவருக்கு வீடு எரிந்தாலும் மறந்துபோகும்.

தன் மேல் என்ன வைக்கிறார்கள் என்று நெருப்புக்குத் தெரியாது, வைத்த உங்களுக்குத் தெரியும் என்றார். அடுப்பை மூட்டியவர் வேறு, எதை வைப்பது என்று முடிவு செய்தவர் வேறு என்றார். அப்படியென்றால் கடவுளும் அதைத்தான் சொல்கிறாரா என்று கேட்டேன். உலகத்தை மூட்டிவிட்டு, பாலை நீ வைத்தாய், நான் மூட்டினது மட்டும்தான் என்கிறாரா? ஏறக்குறைய அப்படித்தான் என்றார். ஒருவர் குள்ளமா நெடுவலா, பணக்காரரா இல்லையா, எப்போது சாவார் என்பதெல்லாம் மேலே இருக்கிறவர் கையில். நல்லது செய்வதா கெட்டது செய்வதா என்ற ஒன்றை மட்டும் மனிதரிடம் விட்டுவிட்டாராம். அதில் கை வைக்க மாட்டாராம்.

என் மனுசன் சொன்னதைச் சொன்னேன். சனி, ஏழரை, தலையெழுத்து எல்லாம். அவர் கையை ஆட்டி மறுத்தார்.

"உங்கட மனுசன் சொல்லுறது சனிக்கிழமை லிஃப்ட். எல்லா மாடியிலும் தானா நிக்கும், தானாப் போகும். அதில ஏறி நிக்கலாம். ஆனால் நீங்கள் லிஃப்ட் இல்லை."

லிஃப்டைப் பற்றி இவரிடம் வாதாட முடியாது, அது அவருடைய தொழில். நான் வேறு பக்கத்தால் போனேன். கடவுளுக்கு எல்லாம் முன்கூட்டியே தெரியுமா? தெரியும் என்றார். நான் பால் காய்ச்சுவேன் என்று புதன்கிழமையே தெரியுமா? தெரியும். அப்படியென்றால் நான் எப்படிக் காய்ச்சாமல் இருந்திருக்க முடியும் என்று அவரை மடக்கினேன். மடக்கிய உடனேயே, என் வாய் எனக்கு எதிராகவே திரும்பியது.

"ஆனால் என்ர மனுசன் சோறு வைச்சால் அடியில பிடிக்க விடுவார் எண்டு எனக்கும்தான் தெரியும். முப்பத்தைஞ்சு வருசமாத் தெரியும். நான் தெரிஞ்சு வைச்சிருக்கிறதாலயோ பிடிக்குது? கைபேசியைப் பாத்துக்கொண்டு நிண்டால் பிடிக்கும்."

தாடிக்காரர் பெட்டியிலிருந்து எழும்பிவிட்டார். இந்த இடத்துக்கு வருவதற்கு எங்கள் பெரியவர்கள் எத்தனையோ நூறு வருடம் எழுதித் தள்ளியிருக்கிறார்கள், நீங்கள் ஒரு சோற்றுப் பானையோடு வந்துவிட்டீர்கள் என்றார். சிலர் இதை ஒத்துக்கொள்ளவில்லையாம், கடவுளுடைய அறிவு மனுசியுடைய அறிவு மாதிரி இல்லை என்று சொன்னார்களாம். அவர்களுடைய மனுசிமாரை எனக்குத் தெரியாது என்றேன்.

மணி ஏழேகால். அடுப்பு இன்னும் மூட்டப்படவில்லை. மேலே நாற்பது பேர் காலைச் சாப்பாட்டுக்குக் காத்திருந்தார்கள். அப்போதுதான் இருவருக்கும் சூப் நினைவு வந்தது.

சூப்பைப் பற்றி முடிவு சொல்ல அவரால் முடியாது. ரபியைக் கேட்க வேண்டும். ரபி என்றால் அவர்களுடைய சட்டம் படித்த குரு, வேறு நகரத்தில் இருப்பவர். தாடிக்காரர் கைபேசியைச் சத்தமாக வைத்து அவரை எழுப்பினார். எவ்வளவு பால் என்று ரபி கேட்டார். ஒரு கரண்டி. பானை எவ்வளவு பெரிது? நாற்பது லீட்டர். பால் உள்ளே விழுந்ததா? இல்லை, வெளிப்பக்கத்தில். ஒரு பங்கு பாலுக்கு அறுபது பங்கு சூப் இருந்தால், அந்தப் பால் இல்லாத மாதிரியாம். இங்கே அதைவிட எத்தனையோ மடங்கு இருக்கிறது. எனக்கு மூச்சு வந்தது.

ஆனால் ரபி இன்னும் முடிக்கவில்லை. அறுபது பங்கு இருக்கிறதுதானே என்று யாராவது வேண்டுமென்றே விட்டிருந்தால் அந்தக் கணக்குச் செல்லாதாம். தானாக விழுந்திருந்தால் மட்டும்தான். அந்தப் பெண் என்ன நினைத்துச் செய்தார் என்று கேட்டார்.

நாற்பது லீட்டர்ச் சூப்பும் இப்போது என் தலைக்குள் இருந்தது. கோழியும் இல்லை, பாலும் இல்லை, நான் என்ன நினைத்தேன் என்பதுதான் விஷயம். என் மனுசன்கூட அதை என்னிடம் கேட்டதில்லை.

தாடிக்காரர் என்னைக் காப்பாற்றப் பார்த்தார். அவர் நல்ல மனிதர், அதைச் சொல்லத்தான் வேண்டும். அவ ஒரு தெரியாத மனுசி, எங்களுடைய பழக்கம் அவவுக்கு விளங்காது, ஏதோ தெரியாமல் செய்துவிட்டார் என்று ரபிக்குச் சொன்னார். அப்படிச் சொன்னால் நானும் தப்புவேன், சூப்பும் தப்பும். நான் செய்ய வேண்டியது வாயை மூடிக்கொண்டு நிற்பது மட்டும்.

நான் கைபேசியைப் பறித்தேன்.

"தெரியாத மனுசி இல்லை. பதினொரு வருசமா இந்தக் குசினியில நிக்கிறன், எந்தக் கரண்டி எந்தப் பக்கம் எண்டு கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவன். சிவப்புச் சட்டியில பாலைக் காய்ச்சினது நான், தெரிஞ்சுதான் செய்தனான். பொங்கி வழிஞ்சது பால். அதை நான் விரும்பேல்லை. துடைச்சுப் போட்டு ஒளிச்சதும் நான்தான். இப்ப எதுக்கு எது எண்டு நீங்கள் பாருங்கோ."

அந்தப் பக்கம் ரபி சிரித்தார். பல்கூடத் துலக்காத குரலில் ஒரு மனிதர் சிரிப்பது எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது, ஆனால் அன்றைக்கு விட்டுவிட்டேன். சட்டி என் விருப்பம், வழிந்தது விபத்து, அப்படியென்றால் சூப் நல்ல சூப் என்றார். சட்டியை ஒரு நாள் முழுக்க அப்படியே வைத்துவிட்டு, பிறகு விளிம்புவரை தண்ணீர் ஊற்றிப் பொங்கி வழியும்வரை கொதிக்க வைக்க வேண்டுமாம். அப்படிச் செய்தால் அதுவும் சுத்தமாம். பொங்கினதால் கெட்ட சட்டியைப் பொங்க வைத்தே நல்லதாக்குகிறார்கள். இதை முதலே சொல்லியிருந்தால் நான் இவர்களோடு இவ்வளவு சண்டை பிடித்திருக்க மாட்டேன்.

தாடிக்காரர் அடுப்பை மூட்டினார். டிக் டிக்.

வெளியிலிருந்து பால் கொண்டுவந்ததை அவர் நிர்வாகத்துக்கு அறிவிக்கத்தான் வேண்டும் என்றார். அறிவியுங்கோ என்றேன். அன்று மத்தியானமே எனக்கு ஓர் அப்மானுங் வந்தது. வேலையில் பிழை விட்டால் கொடுக்கிற எச்சரிக்கைக் கடிதம். இன்னொருமுறை நடந்தால் வேலை போகும். ஒரு முழுப் பக்கம், அதில் பால் என்ற சொல் ஐந்து இடத்தில். கீழே என்னுடைய ஒப்பம்.

வீட்டில் அதை மேசையில் வைத்தேன். என் மனுசன் கண்ணாடியைப் போட்டு வாசித்துவிட்டு, பாரும், சனி விடேல்லை என்றார்.

"அதில சனியின்ர கையெழுத்து எங்கை கிடக்கெண்டு காட்டுங்கோ பாப்பம். ஒப்பம் வைச்சது நான்."

அவர் கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். பிறகு வெளியில் குளிராக இருக்கிறது என்றார்.

சனிக்கிழமை மூன்றாம் மாடிக்குப் போனேன். வழக்கம்போல என் சொந்த விருப்பத்தை அறிவித்துவிட்டு விளக்கை அணைத்தேன். அந்த அம்மாவுக்கு விஷயம் போயிருந்தது. அந்த இல்லத்தில் லிஃப்டைவிட வேகமாக ஓடுவது கதைதான். என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் திட்டுக்குத் தயாராக நின்றேன். விளக்கைப் பற்றி என்றால் ஊரெல்லாம் சுற்றி வருகிறவர், அன்றைக்கு நேரடியாகச் சொன்னார். சூப்பில் உப்புப் போதாது. அதைச் சொல்வதற்கு அவர்களுடைய சட்டத்தில் எந்தத் தடையும் இல்லையாம்.

"அதுவும் நான்தான்" என்றேன்.

இதோடு முடிந்தது என்று நினைத்தால் தாடிக்காரர் விடவில்லை. ஞாயிறு காலை, சட்டியில் தண்ணீர் பொங்கி வழிவதை இருவரும் நின்று பார்த்தபோது இன்னொன்று சொன்னார். பிழை செய்தவர் உண்மையில் திருந்திவிட்டாரா என்று எப்படித் தெரியும்? அழுதால் போதாதாம். ஒப்பம் வைத்தாலும் போதாதாம். அதே இடம், அதே ஆசை, அதே வசதி திரும்ப வரும்போது செய்யாமல் விட்டால்தான் கணக்காம். அப்படியென்றால் எனக்கு முன்னால் திரும்பப் பால் வைப்பீர்களா என்று கேட்டேன். நான் வைக்க மாட்டேன், வாழ்க்கை வைக்கும் என்றார்.

வாழ்க்கை வைக்கவில்லை, அவர்தான் வைத்தார். அடுத்த வியாழன் பத்து மணிக்கு, சிகரெட் பிடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சிகரெட் பிடிப்பதில்லை. சிவப்புச் சட்டி அடுப்புக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. மழையும் பெய்தது, அதை அவர் எப்படி ஏற்பாடு செய்தார் என்று தெரியாது. என் கைப்பையில் பால் இருந்தது. அப்மானுங் வாங்கியவள் ஏன் திரும்பவும் கொண்டுவந்தாள் என்று கேட்காதீர்கள், பஸ்ஸுக்கு வரும் வழியில் வாங்கியது, அதை வீட்டுக்குத்தான் கொண்டுபோக இருந்தேன். நான் சட்டியைப் பார்த்தேன். அப்போது குசினிக் கதவின் வட்டக் கண்ணாடியில் ஒரு தாடி தெரிந்தது. தாடி மட்டும். மனிதர் தன் முகத்தை மறைத்துவிட்டாராம்.

கதவைத் திறந்து நல்ல கிழி கிழித்தேன். நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தால் நான் செய்யாமல் விட்டதற்கு என்ன பெறுமதி? பொலிஸ்காரருக்கு முன்னால் யாரும் களவெடுக்க மாட்டார்கள். இது கணக்கில் சேராது, வீட்டுக்குப் போங்கோ என்றேன். அவர் யோசித்தார். நல்ல கேள்வி என்றார்.

அதற்கு அடுத்த வியாழன் அவர் உண்மையாகவே இல்லை. பல் வைத்தியரிடம் டெர்மின் இருந்தது, ட்ராமில் ஏறுவதை நான் யன்னலால் பார்த்தேன். பெரிய சமையல்காரர் கிரேக்கத்திலிருந்து வந்திருந்தார், ஆனால் கீழே களஞ்சிய அறையில் சாமான் எண்ணிக்கொண்டிருந்தார். அடுப்பு எரிந்தது. சட்டி இருந்தது. தலையிடி இருந்தது. பால் கைப்பையில் இருந்தது. நான் கதவைத் திறந்து வெளியே இரண்டு பக்கமும் பார்த்தேன். ஒரு தாடியும் இல்லை.

சுடுதண்ணீரில் தேயிலைப் பையைத் தோய்த்து, பால் இல்லாமல், சீனி போட்டுக் குடித்தேன். நன்றாகவே இருக்கவில்லை.